பரீட்சை முடியும் வரை

மாலை ஐந்தரை மணிக்கு நெவில் ஹெப்பிளின் முன்னால் தட்டு வரவில்லை. ஒரு காகிதம் வந்தது.

முப்பத்துநான்கு வருஷக் குடித்தனத்தில் இப்படி நடந்ததே இல்லை. பார்ன்ஸ்லி ஊரின் பாட்டில் தொழிற்சாலையில் அவர் வேலை பார்த்த காலத்திலும் சரி, முழங்கால் மக்கர் பண்ணி வீட்டோடு உட்கார்ந்த பிறகும் சரி, ஐந்தரை என்றால் தட்டு. தட்டில் இறைச்சியை மாவால் மூடிச் சுட்ட பை, மசித்த உருளைக்கிழங்கு, பட்டாணி. பெரிய மகளுக்குப் பிரசவ வலி எடுத்த அன்றைக்கு மட்டும் ஐந்து முப்பத்தைந்து ஆனது. அந்தப் பேத்திக்கு இப்போது ஒன்பது வயசு. அந்த ஐந்து நிமிஷத்தை நெவில் இன்னும் மறக்கவில்லை.

"என்ன இது?"

"படி," என்றாள் மனைவி லொரைன்.

"நீயே சொல்லு. பசிக்கிற நேரத்துல எனக்கு எழுத்து தெரியாது."

"சேப்பல் தெரு நர்சரியில என்னை அப்ரண்டிஸா, வேலை பழகற ஆளா எடுத்துக்கறாங்க. சின்னக் குழந்தைங்களப் பாத்துக்கற வேலை."

"அப்ரண்டிஸா? உனக்கு அம்பத்தாறு வயசு."

"தெரியும். போன மாசம் கேக் வாங்க மறந்தது நீதானே."

"அப்ரண்டிஸ்னா பதினாறு வயசுப் பொண்ணுங்க. மூஞ்சியெல்லாம் பரு இருக்கும்."

"பரு கட்டாயமில்லையாம், நெவில்."

'முடியாது' என்ற சொல் நெவிலின் நாக்கு நுனி வரை வந்தது. அங்கேயே நிறுத்திவிட்டார். அந்தச் சொல்லை இந்த வீட்டில் அவர் மூன்று தடவை பயன்படுத்தியிருக்கிறார். முதல் தடவை சொன்னதன் பலன், லொரைன் கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். இரண்டாம் தடவை சொன்னதன் பலன், வீட்டுக்கு ஒரு பூனை வந்தது. மூன்றாம் தடவை சொன்னதன் பலன், இன்னொரு பூனை.

அப்போதுதான் அவருக்குத் தங்கை மகள் டாம்சின் ஞாபகம் வந்தது.

டாம்சின் மூன்று வருஷத்துக்கு முன்னால், பதினேழு வயசில், இதே மாதிரி வேறொரு நர்சரியில் அப்ரண்டிஸாகச் சேர்ந்தவள். குழந்தைகள் அவளைக் கண்டால் காலைக் கட்டிக்கொண்டு விடாது. ஆனால் சட்டம் என்று ஒன்று இருந்தது. ஆங்கிலமும் கணக்கும் பாஸாகாமல் பயிற்சி முடிந்த கணக்கில் வராது. ஆங்கிலத்தை எப்படியோ தாண்டினாள். கணக்கில் மூன்று தடவை உட்கார்ந்து மூன்று தடவையும் கோட்டை விட்டாள். இப்போது செருப்புக் கடையில் நிற்கிறாள். ஒரு வயசுக் குழந்தைக்கு டயப்பர் மாற்ற முக்கோணத்தின் பரப்பளவு எதற்கு என்று அன்றைக்கு அரசாங்கத்தை வாய்க்கு வந்தபடி திட்டியவர் நெவில். இன்றைக்கு அதே அரசாங்கத்தின் மேல் அவருக்குத் திடீரென்று மரியாதை பிறந்தது.

லொரைன் பள்ளிக்கூடத்தை விட்டு வந்தபோது கையில் ஒரு சான்றிதழும் கிடையாது. நெவிலிடமும் கிடையாது. அவர் கொண்டுவந்தது ஒரு கோபம் மட்டும்தான். கணக்கு வாத்தியார் த்வைட்ஸ் ஒருநாள் வகுப்பே சிரிக்கும்படி, "ஹெப்பிள், உன் தலையைத் தட்டினால் நம்ம ஊர் பாட்டில் மாதிரிதான் சத்தம் வரும், காலி" என்றார். வாத்தியார் செத்து இருபது வருஷம் ஆகிறது. கோபம் சௌக்கியமாக இருக்கிறது.

"நல்ல விஷயம்தான்," என்றார் நெவில்.

லொரைன் நிமிர்ந்து பார்த்தாள். "உடம்பு சரியில்லையா?"

"நான் தடுக்கல. தாராளமா போ. ஆனா ஆங்கிலமும் கணக்கும் பாஸ் பண்ணணும். டாம்சின் கதை தெரியுமில்ல?"

"தெரியும். பாவம்."

"அதுக்கு ஒழுங்கா படிக்கணும். சமைச்சுக்கிட்டே படிச்சா ரெண்டும் தீஞ்சு போகும். அதனால, பரீட்சை முடியிற வரைக்கும் சமையல் என் பொறுப்பு. நீ அடுப்புப் பக்கமே வர வேண்டாம்."

இந்த இடத்தில்தான் தன்னுடைய மூளையை நெவில் மெச்சிக்கொண்டார். பெயிலானால் லொரைன் என்ன சொல்வாள்? 'உனக்கு வடிச்சுக் கொட்டறதுலயே என் நேரம் போச்சு' என்பாள். அந்தச் சாக்கை முன்னாலேயே பிடுங்கிவிட வேண்டும். மூன்று மாசம் கரண்டி பிடித்தால் ஆயுசு முழுக்க ஐந்தரைக்குத் தட்டு.

"பெயிலானா?" என்றாள் லொரைன்.

"இந்தப் பேச்சை விட்டுடணும்."

"பாஸானா?"

"உன் இஷ்டம். நான் வாயே திறக்க மாட்டேன்."

"பரீட்சை முடியிற வரைக்கும்னு சொன்னே."

"ஆமா."

"எத்தனை நாளானாலுமா?"

"எத்தனை நாளானாலும். எழுதித் தரட்டுமா?"

"வேண்டாம். வேலிகிட்ட வந்து சொல்லு. டெஸ் துணி காயப்போட்டுக்கிட்டிருக்கார்."

பக்கத்து வீட்டு டெஸ், 2009-ல் வாங்கிக்கொண்டு போன ஏணியை ஒரு படி உடைத்துத் திருப்பிக் கொடுத்த ஆள். அவனிடம் நெவில் தேவைக்கு மேல் பேசுவதில்லை. ஆனாலும் போய் நின்று, வார்த்தை பிசகாமல் சொன்னார். கையில் ஈரச் சட்டையோடு டெஸ் கேட்டான்.

"நீ சமைக்கப் போறியா?"

"ஆமா."

"நெருப்புல வச்சா?"

"போய் உன் வேலையப் பாரு."

மார்ச் மாதம் முதல் திங்கட்கிழமை நெவில் அடுக்களைக்குள் காலடி வைத்தார். உருளைக்கிழங்கை உரித்து முடித்தபோது கிழங்கு சிறியதாகவும் தோல் பெரியதாகவும் இருந்தது. பட்டாணி சட்டிக்கு அடியில் பச்சைத் தார் மாதிரி ஒட்டிக்கொண்டது. பையின் மேல் மாவு, தொழிற்சாலையில் கூட அவர் பார்த்திராத கெட்டியில் வந்தது. லொரைன் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. கத்தியை மாற்றிப் பெரிய கத்தி எடுத்துக்கொண்டாள்.

அவள் காலை ஏழரைக்கே தோள்பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

"பழகிப் பாக்கப் போறியா?"

"ஆமா. பழகினாத்தானே வரும்."

வேலை நேரத்துக்கு முன்னால் பரீட்சைக்குப் பழகுகிறாள் என்று நெவில் எடுத்துக்கொண்டார். நன்றாகப் பழகட்டும். பெயிலாகும்போது இன்னும் கொஞ்சம் நன்றாக வலிக்கும். பிறகு தட்டு சூடாக வரும். இப்படி நினைப்பது பாவம் என்று ஒரு கணம் தோன்றியது. அப்போது பால் பொங்கியது. பாவத்தை மறந்து ஓடினார்.

மாலையில் லொரைன் சாப்பாட்டு மேஜையில் காகிதங்களைப் பரப்பிக்கொண்டு உட்காருவாள். நெவில் பாத்திரம் தேய்த்துக்கொண்டே எட்டிப் பார்ப்பார்.

"என்ன பண்றே?"

"வட்டம் வெட்டறேன்."

"எத்தனை?"

"முப்பது. எல்லாம் ஒரே அளவா வரணும்."

நெவில் திரும்பிக்கொண்டு சிரித்தார். வட்டம். டாம்சின் குப்புற விழுந்த இடமே அதுதான். மறுநாள் பார்த்தால் லொரைன் வட்டங்களுக்குப் பச்சைச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள்.

"பச்சை எதுக்கு?"

"அப்பத்தான் கம்பளிப்புழு மாதிரி இருக்கும்."

இந்தக் காலத்து வாத்தியார்கள் வட்டத்தை இப்படியா சொல்லித் தருகிறார்கள் என்று நெவில் தலையில் அடித்துக்கொண்டார். த்வைட்ஸ் கெட்டவர்தான். ஆனால் புழு வரையச் சொன்னதில்லை.

ஏப்ரல் போனது. ஒரு கவலை மட்டும் அவரை அரித்தது. ஒருவேளை படித்துப் பாஸாகிவிட்டால்? சோதித்துப் பார்ப்பது நல்லது. சாப்பிடும்போது மெல்ல ஆரம்பித்தார்.

"முந்நூத்தி நாப்பதுல பதினஞ்சு சதவீதம் எவ்வளவு?"

"அம்பத்தொண்ணு. கிரேவிய இப்படித் தள்ளு."

பதில் சரியா தப்பா என்று நெவிலுக்குத் தெரியாது. எழுந்து குளியலறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டு கைபேசியில் தட்டிப் பார்த்தார். ஐம்பத்தொன்று. முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்தார்.

"எப்படிச் சொன்னே?"

"பத்து சதவீதம் முப்பத்தினாலு. அதுல பாதி பதினேழு. நான் ஸ்வெட்டர் பின்றப்போ எப்பவும் இப்படித்தானே கண்ணி கூட்டுவேன்."

"அது கணக்கில்ல. பழக்கம்."

"சரி. முகம் ஏன் வேர்த்திருக்கு?"

"கிரேவி காரம்."

அன்றிலிருந்து நெவில் அவள் தட்டில் பருப்பு, மீன் எதையும் வைப்பதை நிறுத்தினார். மூளைக்கு அதெல்லாம் நல்லது என்று எங்கோ கேட்டிருந்தார். பைதான். ஆறு நாளும் பை. வெள்ளிக்கிழமை மட்டும் மீனும் சிப்ஸும் விற்கிற கடையில் வாங்குவது, அதில் மீனை அவரே தின்றுவிடுவார். அவளை மந்தமாக்க அவர் போட்ட திட்டத்தில் ஒரே ஒரு கோளாறு. ஆறு நாளும் ஒன்றையே செய்தால் எந்த மடையனுக்கும் கை வந்துவிடும். மே மாதக் கடைசியில் நெவிலின் பை பொன்னிறமாக உப்பி, கத்தி பட்டதும் நொறுங்கியது. அவருக்கே பயமாக இருந்தது.

"பரீட்சைத் தேதி வந்துச்சா?"

"இன்னும் ஒண்ணும் வரல."

ஜூன் வந்தது.

"தேதி?"

"ஒரு காகிதமும் வரல, நெவில்."

இதற்குள் கிளப்பில் வியாழக்கிழமை டாமினோ ஆட்டம் ஆறரைக்குத் தொடங்கும்போது நெவில் சட்டியைச் சுரண்டிக்கொண்டிருப்பது வழக்கமாகிவிட்டது. இருபது வருஷம் அணியில் ஆடியவர். அவர் இடத்தில் டெஸ்ஸைப் போட்டுவிட்டார்கள். அந்தச் சேதியை டெஸ்ஸே வேலிக்கு மேலே தலையை நீட்டிச் சொன்னான்.

"உன் நாற்காலி நல்லா இருக்கு, நெவில். ஜன்னல் பக்கம்."

"தற்காலிகம்."

"அப்படியா? லொரைன் பரீட்சை எப்போ?"

"வரும்."

"இந்த வாசனை பையா? போன வாரம் ரெண்டு துண்டு நர்சரிக்கு எடுத்துட்டுப் போனாளாமே. அங்க எல்லாரும் சண்டை போட்டுத் தின்னாங்களாம்."

"உனக்கு யார் சொன்னா?"

"ஊரே சொல்லுது. மேல முட்டை தடவறியா, பாலா?"

"முட்டை," என்று சொல்லிவிட்டு, சொன்னதற்காகத் தன் மேலேயே கோபப்பட்டுக்கொண்டு, நெவில் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

ஜூன் இருபதாம் தேதி பொறுமை தீர்ந்தது. ஒரு பரீட்சை வைக்க இந்த நாட்டுக்கு நாலு மாசம் போதாதா? சட்டையை மாற்றிக்கொண்டு நேராகச் சேப்பல் தெரு நர்சரிக்கு நடந்தார்.

உள்ளே உட்கார ஒரே வகை நாற்காலிதான் இருந்தது. மூன்று வயசுப் பிள்ளைகளுக்கானது. முழங்கால் தாடையைத் தொட அதில் உட்கார்ந்தார். நிர்வாகி கெய்லி ஆர்மிட்டேஜ் வந்தாள். முப்பது வயசு இருக்கும். கையெல்லாம் மாவு.

"மிஸ்டர் ஹெப்பிள்தானே? வாங்க."

"வெங்காயம் கருகுது," என்றார் நெவில்.

"ஐயோ," என்று உள்ளே ஓடினாள். திரும்பி வந்தபோது புகையும் கூடவே வந்தது.

"மன்னிச்சுக்குங்க. சமையலம்மா ரெண்டு வாரம் முன்னாடி மகளோட இருக்கறதுக்கு ஸ்பெயினுக்குப் போயிட்டாங்க. நான்தான் சமாளிக்கறேன். குழந்தைங்க என்னைப் பாத்தாலே அழுதுங்க. நீங்க சொல்லுங்க."

"என் மனைவி பரீட்சை விஷயமா வந்தேன்."

"எந்தப் பரீட்சை?"

"ஆங்கிலம், கணக்கு. அது இல்லாம அப்ரண்டிஸ் முடிக்க முடியாதில்ல?"

"ஓ, அதுவா. அது இப்போ சின்னவங்களுக்குத்தான் கட்டாயம். சேரும்போது பத்தொன்பது வயசு ஆயிருந்தா, வேணுமா வேண்டாமான்னு முதலாளியே முடிவு பண்ணலாம். லொரைன்கிட்ட கேட்டேன். வேண்டாம்னாங்க. நானும் சரின்னுட்டேன்."

நெவில் முன்னால் சாய்ந்தார்.

"எப்போலேர்ந்து இப்படி?"

"பிப்ரவரியில மாத்தினாங்க."

"என்கிட்ட யாரும் சொல்லலையே."

"அறிவிச்சாங்களே, மிஸ்டர் ஹெப்பிள்."

"என் வீட்டுக்கு வரல."

குப்பைத் தொட்டியை வெளியே வைக்கிற நாளை மாற்றினால் மூன்று கடிதம் போடுகிறார்கள். ஒரு மனிதனின் ஐந்தரை மணியையே மாற்றிவிட்டு ஒரு வரி எழுத ஆளில்லை. டாம்சினை மூன்று தடவை விழவைத்த கணக்கு, லொரைன் வந்ததும் எழுந்து நின்று கதவைத் திறந்துவிட்டதாம். நெவில் தன் மனக்குறைப் பட்டியலில் த்வைட்ஸுக்கு மேலே அரசாங்கத்தை ஏற்றினார்.

"அப்போ அவ பெயிலே ஆக மாட்டாளா?"

கெய்லி அவரை ஒரு மாதிரி பார்த்தாள்.

"பாஸே ஆக மாட்டாளான்னு கேட்டேன்," என்று நெவில் திருத்திக்கொண்டார். "ஏம்மா, இது தப்பில்லையா? கணக்கு தெரியாதவங்க கையில குழந்தைங்களக் குடுக்கலாமா? பத்துப் பேரைப் பூங்காவுக்குக் கூட்டிட்டுப் போயி ஒன்பது பேரோட வந்தா?"

"லொரைன் ஒருநாளும் அப்படி வந்ததில்லையே."

"ஆரம்பத்துல யாருமே வர மாட்டாங்க. இன்னைக்கே எழுதச் சொல்லுங்க. நீங்க முதலாளி. உங்களுக்கு அதிகாரம் இருக்குன்னு இப்பத்தானே சொன்னீங்க."

"அவங்க சம்மதிச்சா எனக்கு ஒண்ணுமில்ல," என்று கெய்லி கதவைத் திறந்து கூப்பிட்டாள்.

லொரைன் ஊதா நிறச் சட்டையில் வந்தாள். ஒவ்வொரு காலிலும் ஒரு குழந்தை தொற்றிக்கொண்டிருந்தது. நாலு மாசத்தில் வயசு குறைந்தவள் போல இருந்தாள். அதுவும் நெவிலுக்கு எரிச்சலாக இருந்தது.

"ஏமாத்திட்டே, லொரைன்."

"நான் என்னைக்காவது பரீட்சை எழுதப் போறேன்னு சொன்னேனா?"

நெவில் மார்ச், ஏப்ரல், மே, ஜூன் எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்தார். சொல்லவில்லை.

"தினமும் காலையில பழகப் போறேன்னியே?"

"பழகத்தான் வந்தேன். இந்தப் புள்ளைங்ககூட."

"வட்டம் வெட்டினியே?"

"கம்பளிப்புழு. அன்னைக்கே சொன்னேன். அதோ சுவத்துல."

சுவரில் ஐந்து பச்சைப் புழுக்கள் வரிசையாக ஊர்ந்தன. எல்லா வட்டமும் ஒரே அளவு.

"சரி. பரீட்சைன்னு ஒண்ணு இல்லேன்னு ஆகிப்போச்சு. அப்போ நம்ம ஒப்பந்தமும் முடிஞ்சுது."

"எப்படி? பரீட்சை முடியிற வரைக்கும்னு சொன்னே. எத்தனை நாளானாலும்னு சொன்னே. டெஸ் ஈரச் சட்டையோட நின்னு கேட்டார்."

"இல்லாத பரீட்சை எப்படி முடியும்?"

"அதைத்தான் நானும் யோசிக்கறேன்," என்றாள் லொரைன்.

கெய்லி ஜன்னல் பக்கம் திரும்பி, அங்கே இல்லாத எதையோ உன்னிப்பாகப் பார்த்தாள்.

நெவில் குரலைத் தாழ்த்தினார். "லொரைன், எழுது. ஒரே ஒரு தடவை. உனக்குத்தான் கணக்கு வருதே. முந்நூத்தி நாப்பதுல பதினஞ்சு சதவீதம் பட்டுனு சொன்னே. இந்தத் தெருவுலயே உன்னை மாதிரி மூளை யாருக்கும் கிடையாது."

"அது கணக்கில்ல, பழக்கம்னு ஒருத்தர் சொன்னார்."

"அவன் முட்டாள். எழுது. நான் பக்கத்துல உக்காந்து சொல்லித் தரேன்."

"நீயா?"

"பெயிலானாலும் பரவாயில்ல. வேலைக்கும் போ. நான் ஒண்ணும் சொல்லல. எழுதி முடிச்சா போதும்."

லொரைன் அவரைப் பார்த்தாள். கொஞ்சம் இரக்கம் கூட அந்தப் பார்வையில் இருந்தது. "நேரமில்ல கண்ணு. இருபத்தெட்டுக் குழந்தைங்க. அடுத்த வருஷம் பாக்கலாம்."

உள்ளேயிருந்து மறுபடியும் கருகல் வாசனை வந்தது. கெய்லி ஓடவில்லை. ஓடிப் பயனில்லை என்று அவளுக்கே தெரிந்துவிட்டது போலிருந்தது. மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தாள்.

"மிஸ்டர் ஹெப்பிள், நீங்களே வந்தது நல்லதாப் போச்சு. லொரைன் கொண்டுவந்த அந்தப் பை நீங்க செஞ்சதாமே. காலையில எட்டரைலேர்ந்து ஒரு மணி வரைக்கும்தான். திங்கட்கிழமை ஆரம்பிக்கலாமா?"

விஷயம் புரிந்ததும் நெவில் எழுந்திருக்கப் பார்த்தார். முழங்கால் வரவில்லை. நாற்காலி மட்டும் கூடவே வந்தது. இடுப்பில் நாற்காலியோடு பாதி நின்றபடி, தப்பிக்க ஏதாவது வழி இருக்கிறதா என்று யோசித்தார். ஒன்றே ஒன்று இருந்தது. ஐம்பது வருஷமாக யாரிடமும் அவர் வாய்விட்டுச் சொல்லாத ஒன்று. இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தார்.

"ஏம்மா, என்கிட்ட ஒரு சான்றிதழும் கிடையாது," என்றார், கம்பளிப்புழுக்களுக்கும் கேட்கும்படி. "ஆங்கிலம் அரைகுறை. கணக்கு சுத்தமா வராது. பள்ளிக்கூடத்துல என்னை மாதிரி மக்கு எவனும் கிடையாது."

குழந்தைகள் அவரை மரியாதையோடு பார்த்தன. லொரைன் சுவர் ஆணியில் தொங்கிய ஏப்ரனை எடுத்து அவர் கழுத்தில் மாட்டினாள்.

"சமையலுக்கு அதெல்லாம் கேக்கறதில்லையாம், நெவில். நான் போன வாரமே விசாரிச்சுட்டேன்."